ஜாஸ்மின் தேநீரும் நடுவட்டத்துப் பெண்ணும்

இந்தியாவில் சீன உணவின் கதையை யார் சொன்னாலும் ஓர் ஆணிடமிருந்துதான் தொடங்குகிறார்கள். 1780ஐ ஒட்டிய ஆண்டுகளில் வாரன் ஹேஸ்டிங்ஸிடம் நிலம் பெற்று, கல்கத்தாவுக்குத் தெற்கே சர்க்கரை ஆலை போட்ட டோங் ஆச்சியூ முதல் ஆள். அவர் பெயரால் அந்த ஊர் இன்றும் அச்சிப்பூர். அடுத்து, 1975இல் பம்பாய் கிரிக்கெட் கிளப்பில் கோழித்துண்டுகளைச் சோளமாவில் புரட்டிப் பொரித்து, இஞ்சி பூண்டு பச்சைமிளகாயோடு சோயா சாஸ் ஊற்றி, சீனாவில் யாரும் கேள்விப்பட்டிராத ஒரு பண்டத்துக்குச் 'சிக்கன் மஞ்சூரியன்' என்று பெயர் வைத்த நெல்சன் வாங். அதற்கடுத்து 1994இல் மும்பையில் 'மெயின்லேண்ட் சைனா'வைத் தொடங்கி, அதை நகரம் நகரமாகக் கிளை விரிக்கும் மேல்தட்டு உணவகத் தொடராக்கிய அஞ்சன் சட்டர்ஜி. குடியேறி, சமையல்காரர், முதலாளி என்று மூன்று ஆண்களில் இருநூறு ஆண்டுகள் முடிந்துவிடுகின்றன. வீட்டில் நாள் முழுக்க அடுப்படியில் நிற்பவள் வரலாற்றில் மட்டும் எப்படி அடுப்பை விட்டு விலகிப்போகிறாள் என்பது எனக்குப் பழைய ஆச்சரியம்.

நான் பந்தலூர்க்காரி. நீலகிரி என்றதும் ஊட்டியின் மலர்க்கண்காட்சி நினைவுக்கு வருகிறவர்களுக்கு எங்கள் ஊரைச் சொல்லிப் புரியவைப்பது சிரமம். மலையின் மேற்குச் சரிவில், கூடலூரைத் தாண்டி, வயநாட்டை ஒட்டிக் கிடக்கும் மழை ஊர் அது. கல்யாணத்துக்குப் புடவை எடுக்கக் கோழிக்கோட்டுக்கும், சில்லறைச் சாமான் வாங்க சுல்தான் பத்தேரிக்கும் போவோம். தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்தில் கலக்கும். 1880ஐ ஒட்டி இங்கே தங்கம் கிடைக்கிறது என்று லண்டனில் கம்பெனிகள் பங்கு விற்றன. அந்த இரண்டு மூன்று வருடத்தில் பந்தலூரில் வெள்ளைக்காரர்களுக்கான ஹோட்டல் வரை வந்தது. தங்கம் பொய்த்ததும் ஹோட்டலும் போனது. உயர்தர உணவகம் என்று ஒன்று எங்கள் ஊரில் இருந்தது அநேகமாக அந்த ஒரே முறைதான். இன்றைக்கு மெயின்லேண்ட் சைனா மாதிரி ஓர் இடத்தில் உட்கார வேண்டுமென்றால் பெங்களூருக்கோ சென்னைக்கோ பஸ் ஏற வேண்டும்.

ஆனால் சீனரும் தமிழரும் ஓர் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்ட இடத்துக்குப் போக அவ்வளவு தூரம் வேண்டாம். பந்தலூரிலிருந்து கூடலூர் வந்து, ஊட்டிப் பாதையில் நடுவட்டத்தை நோக்கி ஏறினால் போதும்.

எட்கர் தர்ஸ்டன் 1885 முதல் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர். க. ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் ஏழு தொகுதிகளாக அவர் வெளியிட்ட 'தென்னிந்தியச் சாதிகளும் குலங்களும்' நூலைத் தமிழ்த்துறையில் ஆய்வு செய்கிற எல்லோரும் எப்போதாவது புரட்டியிருப்போம். அதன் இரண்டாம் தொகுதியில் 'சைனீஸ்-தமிழ் கிராஸ்' என்றொரு பதிவு இருக்கிறது. 'கிராஸ்' என்றால் நம்மூரில் மாட்டுக்குச் சொல்வோமே, அதே சொல்தான். நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் நடுவே மலைச்சரிவில் ஒரு சின்னக் குடியிருப்பைக் கண்டதாகத் தர்ஸ்டன் எழுதுகிறார். சீன ஆண்கள், அவர்களோடு வாழும் பறையர் சமூகத்துத் தமிழ்ப் பெண்கள், பிள்ளைகள். காய்கறியும் காப்பியும் பயிரிட்டு எளிமையாகப் பிழைக்கிறார்கள். அதில் ஒரே ஒரு குடும்பத்தை அவர் அளந்தார். தாய், தந்தை, 18 வயதில் ஒரு பெண், 10, 9, 5 வயதுகளில் மூன்று பையன்கள். ஒவ்வொருவருக்கும் தலையின் நீளம், தலையின் அகலம், மூக்கின் உயரம், மூக்கின் அகலம் என்று அட்டவணை போட்டார்.

மூக்கை ஏன் அளந்தார்கள் என்று இன்றைய மாணவிகள் கேட்பார்கள். மூக்கின் அகலத்தை உயரத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவது 'மூக்குக் குறியெண்'. மூக்கு அகலமாக ஆகச் சாதி தாழும் என்று ஹெர்பர்ட் ரிஸ்லி வங்காளத்தில் ஒரு கோட்பாடே கட்டியிருந்தார். 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் அவர்தான் என்பதால் அது அரசாங்கத்தின் அறிவாகவும் ஆயிற்று. 1948இல் அம்பேத்கர் இதே மாதிரி அளவுகளை எடுத்து வைத்துக்கொண்டு, பார்ப்பனருக்கும் தீண்டப்படாதவருக்கும் இன வேறுபாடு என்று ஒன்று இல்லை என்று திருப்பி அடித்தார். எண்களை எழுதியவர்களின் கையிலிருந்து பறித்து அவர்களுக்கு எதிராகவே வாசித்த அந்த வேலை எனக்கு மிகவும் பிடிக்கும். நடுவட்டத்து அட்டவணையையும் அப்படித்தான் வாசிக்க வேண்டியிருக்கிறது.

அந்தச் சீனர்கள் எப்படி மலைக்கு வந்தார்கள்? அபினிப் போரில் பிடிபட்ட கைதிகள் என்பது ஊரில் வழங்கும் கதை. தர்ஸ்டன் சொல்வது வேறு. பிரிட்டிஷ் ஆட்சியில் சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா மூன்றும் சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்களின் சிறைகளில் இடம் போதாததால், அங்கே தண்டனை பெற்ற சீனர்கள் நீலகிரிச் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். அதே காலத்தில் இந்தியாவில் தண்டனை பெற்றவர்கள் கப்பலேறி சிங்கப்பூர் போனார்கள். அங்குள்ள புனித ஆண்ட்ரூ தேவாலயத்தைக் கட்டியவர்கள் இந்தியக் கைதிகள்தான். ஒரு கடலின் இரு கரைகளும் கைதிகளை மாற்றிக்கொண்டன என்று சொல்லலாம். 1860களில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் மெக்ஐவர் சிங்கோனா மரம் வளர்க்கத் தொடங்கினார். மலேரியாவுக்கான கொய்னா மருந்து அதன் பட்டையிலிருந்து வருவது. அந்தத் தோட்ட வேலைக்குக் கைதிகளின் உழைப்பு தேவைப்பட்டது. நடுவட்டத்துச் சிறைக் கட்டடம் இன்றும் நிற்கிறது, சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

1868இல் பன்னிரண்டு சீனக் கைதிகள் புயல் மழை அடித்த ஓர் இரவில் தப்பி ஓடியதும், பதினைந்து நாள் கழித்து மலபாரில் பிடிபட்டதும், தேடிப்போன போலீசார் நால்வரின் உடல்கள் சிஸ்பாரா பாதையில் தலை வெட்டப்பட்ட நிலையில் வரிசையாகக் கிடந்ததும் விரிவாகப் பதிவாகியிருக்கின்றன. ரத்தம் சிந்தினால் ஆவணம் கிடைக்கும். சோறு பொங்கினால் கிடைக்காது.

தர்ஸ்டன் பதிவில் எனக்கு நெஞ்சில் தைக்கிற இடம் ஒன்று உண்டு. அந்தச் சீனத் தந்தை ஒரு மனக்குறை சொன்னாராம், அதை எழுதி வைத்திருக்கிறார். கிறிஸ்தவராக மதம் மாறியபோது தன் சடைப்பின்னலை வெட்டவேண்டி வந்தது என்பது அவர் குறை. அவருக்கு ஒரு சொல்லாவது கிடைத்தது. தாய்க்குக் கிடைத்தது தோலின் நிறம், தலையின் அளவு, மூக்கின் அளவு. பெயர் இல்லை, ஊர் இல்லை. சிறையிலிருந்து வெளியே வந்த, தன் மொழி தெரியாத ஓர் ஆளோடு காட்டுச் சரிவில் குடிசை போட்ட பெண்ணிடம் கேட்பதற்கு எவ்வளவு இருக்கிறது! எப்படிப் பேசிக்கொண்டீர்கள்? பிள்ளைக்கு எந்த மொழியில் தாலாட்டு? உலையில் என்ன வெந்தது, தாளிப்பு யாருடையது? அளவுகோலைக் கையில் வைத்திருந்தவர் அடுப்பைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு மலாக்கா இருக்கிறது. அங்கே வணிகம் செய்ய வந்த சீன ஆண்களும் உள்ளூர்ப் பெண்களும் சேர்ந்து வாழ்ந்ததில் ஒரு சமூகம் பிறந்தது. ஆண்களைப் 'பாபா' என்றும் பெண்களை 'நோன்யா' என்றும் அழைத்தார்கள். அந்தப் பெண்களின் சமையலறையில் சீனப் பன்றி இறைச்சியும் மலாய்த் தேங்காய்ப் பாலும் புளியும் சந்தித்தன. அந்தச் சமையலுக்குப் பெயரே நோன்யா சமையல். ஒரு சமையல் முழுவதும் பெண்ணின் பெயரால் வழங்குவதை நான் வேறெங்கும் அதிகம் கண்டதில்லை. லீ குவான் இயூவின் அம்மா, சுவா ஜிம் நியோ, 1974இல் அந்தச் சமையலைப் புத்தகமாகவே எழுதினார். 2016இல் சிங்கப்பூரின் 'கேண்டில்நட்' உணவகம் இதே சமையலுக்காக மிஷலின் நட்சத்திரம் வாங்கியது. வாங்கிய சமையல்கலைஞர் ஓர் ஆண் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

மலாக்காவில் கடல் வணிகர்கள் வந்தார்கள், காசு இருந்தது. அதனால் அந்தக் கலப்பு பண்பாடு ஆயிற்று. நீலகிரியில் கைதி ஒருவரும் தீண்டாமைக்கு ஆளான பெண்ணொருத்தியும் சேர்ந்தார்கள். அதனால் அந்தக் கலப்பு 'கிராஸ்' ஆயிற்று. கடலுக்கு அக்கரையில் நட்சத்திரம் வாங்கிய அதே சந்திப்பு, எங்கள் மலையில் மூக்குக் குறியெண்ணாக முடிந்துபோனது.

தமிழ் படித்தவள் என்பதால் சொற்களைத் தோண்டாமல் என்னால் இருக்க முடியாது. பந்தலூரில் எந்த லைன் வீட்டு அடுப்படியில் போய் எட்டிப் பார்த்தாலும் கரி பிடித்துத் தொங்கும் வாணலிக்குப் பெயர் சீனச்சட்டி. மலையாளிகளும் அதையேதான் சொல்வார்கள். அவர்கள் ஊறுகாய் போடும் ஜாடி சீனபரணி. நமக்குச் சர்க்கரை சீனி, பட்டு சீனப்பட்டு, தீபாவளிக்குச் சீனவெடி. சோழர்கள் 1015இலும் 1033இலும் 1077இலும் சீன அரசவைக்குத் தூது அனுப்பினார்கள். கடைசித் தூதில் 72 பேர் போனதாகச் சீனக் குறிப்புகள் சொல்கின்றன. 1281இல் சீனத்துச் சுவான்சௌ துறைமுகத்தில் தமிழ் வணிகர்கள் சிவன் கோயிலுக்குத் தமிழும் சீனமும் கலந்து கல்வெட்டு வெட்டினார்கள். தூதர் பெருமையும் வணிகர் பெருமையும் பாடப்புத்தகத்தில் உண்டு. அந்த உறவை நாள் தவறாமல் கையில் பிடித்துக் கிளறிக்கொண்டிருந்தது பெண்கள். இன்று மேல்தட்டுச் சீன உணவகத்தில் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் நெருப்பு எழும்ப 'வோக்' என்று காட்சிக்கு வைப்பது நம் சீனச்சட்டியின் பெரியப்பன் மகனைத்தான்.

அந்த நெருப்பின் முன்னால் பெண்கள் நிற்பதை நான் பார்த்ததில்லை என்றே சொல்லலாம். காரணம் கேட்டால் சட்டி கனம், சூடு தாங்காது என்பார்கள். முப்பது கிலோ கொழுந்து மூட்டையை முதுகில் தாங்கிச் சரிவேறி எடைபோட வருகிற பெண்களைப் பார்த்து வளர்ந்தவளிடம் இதைச் சொல்லக்கூடாது.

வெளியே போய்ச் சாப்பிடுவது என்பதே நம் பெண்களுக்குப் புதிது. காப்பி கிளப்புகள் தமிழ்நாட்டில் பெருகிய காலத்தில் அவை ஆண்களின் இடம். அதிலும் எல்லா ஆண்களுக்கும் இல்லை. திருவல்லிக்கேணி முரளி கபேயின் பலகையில் 'பிராமணாள்' என்ற சொல்லை நீக்கச் சொல்லி 1957இல் பெரியாரின் தொண்டர்கள் மாதக்கணக்கில் மறியல் செய்து சிறைக்குப் போகவேண்டியிருந்தது. பெண்கள் வந்தால் பின்பக்கம் திரை போட்ட 'பேமிலி ரூம்'. கிராமத்து டீக்கடைகளில் இரட்டைக் குவளை. இதை நினைத்தால் எனக்கு ஒன்று விளங்காது. தேயிலையைக் கொழுந்தாகக் கிள்ளியவள் தலித் பெண், அதே தேயிலை டீயாகிக் கடைக்கு வந்ததும் அவளுக்குத் தனிக் குவளை. எந்த இடத்தில், எந்த இயந்திரத்தில் அந்தத் தேயிலை 'சுத்தம்' ஆனது?

இந்தப் பின்னணியில்தான் சீன உணவகத்துக்கு ஒரு விசேஷம் இருக்கிறது. பிரைடு ரைஸ் எந்தச் சாதியின் வீட்டுச் சமையலும் இல்லை. அதை யார் சமைத்தால் தீட்டு, யார் கைபட்டால் தீட்டு என்று சொல்ல நம்மிடம் சாஸ்திரம் இல்லை. உடுப்பி, செட்டிநாடு, அய்யர் மெஸ், முனியாண்டி விலாஸ் என்று பலகையிலேயே ஊரும் சாதியும் மணக்கும் நாட்டில், 'சைனீஸ்' என்ற பலகை யாருடையதும் இல்லாததால் எல்லோருடையதாகவும் ஆனது. கல்லூரிப் பெண்கள் நாலு பேர் ஆண் துணை இல்லாமல் போய் உட்கார்ந்து, ஒரே தட்டிலிருந்து நூடுல்ஸை இழுத்துச் சாப்பிட்ட முதல் இடம் பலருக்கும் சீன உணவகம்தான். எனக்கும் அப்படித்தான். ஊட்டி கமிஷனர் சாலையில் ஒரு சீனக் குடும்பம் 1954 முதல் நடத்திவரும் 'ஷின்கோஸ்' பற்றி எங்கள் பக்கத்து ஆட்கள் பேசும்போது, அங்கே என்ன ஜாதிக்காரர் சமைக்கிறார் என்று கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை.

விலைப்பட்டியல் அந்த வேலையை எடுத்துக்கொண்டது என்பது வேறு விஷயம்.

முனைவர் பட்டம் கிடைத்த மாதம் அம்மாவைச் சென்னைக்கு வரவழைத்து, ஒரு பெரிய சீன உணவகத்துக்குக் கூட்டிப்போனேன். பெயர் வேண்டாம். அம்மா இலங்கை மலைநாட்டில் பிறந்தவர். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எண்ணிக்கையாக எழுதியபோது, அந்த எண்ணுக்குள் ஒரு சிறுமியாக இருந்தவர். தாயகம் திரும்பியோருக்காக அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் திட்டம், பிறகு டேன்டீ என்ற கழகமானது. பந்தலூர், சேரம்பாடி, சேரங்கோடு, நெல்லியாளம் என்று எங்கள் பக்கமெல்லாம் அதன் தோட்டங்கள். அம்மாவின் கைவிரல்கள் அங்கே கறுத்தவை.

மேசைக்கு முதலில் ஜாஸ்மின் டீ வந்தது. சின்ன வெள்ளைக் கோப்பை, கைப்பிடி இல்லாதது. அம்மா முகர்ந்து பார்த்தார்.

"எந்த ஊரு கொழுந்து பாப்பா இது?"

பரிமாற வந்த தம்பி, "சைனா டீ மேடம், ஸ்பெஷல்" என்றான்.

அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு என்னிடம் மெல்லச் சொன்னார். "இலை முத்துனது. பூ வாசத்தப் போட்டு மறைச்சிருக்கான்."

இரண்டாவது தடவையும் குடித்துப் பார்த்து உறுதிசெய்துகொண்டார். தொழில் தெரிந்தவரின் தீர்ப்பு. அந்த உணவகத்தில் அன்றைக்கு உட்கார்ந்திருந்தவர்களில் தேயிலையைப் பற்றிப் பேசத் தகுதி உள்ளவர் அவர் ஒருவர்தான். ஆனால் பக்கத்து மேசைக்காரர்கள் பார்த்தது அம்மா குச்சிகளைக் கையில் எடுத்துத் திரும்ப வைத்ததைத்தான். ஒரு கிண்ணம் சூப்பும் ஒரு தட்டு நூடுல்ஸும் சேர்ந்தால் அவருடைய ஒரு நாள் கூலியைத் தாண்டிவிடும். அம்மாவுக்குப் பட்டியல் வாசிக்கத் தெரியும். விலையைப் பார்த்துவிட்டு எனக்காக ஒன்றும் சொல்லாமல் இருந்தார். சாப்பாடு எப்படி என்று கேட்டதற்கு, "ஒக்காந்த எடத்துக்கு வருதே, நல்லாத்தான் இருக்கு" என்றார்.

இந்தச் சொல்லைத்தான் நான் உணவக வரலாறாக எழுதவேண்டும் என்று நினைக்கிறேன். உட்கார்ந்த இடத்துக்குச் சோறு வருவது. ஐம்பது வருடம் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து ஆக்கிவைத்துவிட்டு மலையேறிய ஒருவருக்கு உயர்தர உணவகத்தின் உயர்தரம் என்பது அது ஒன்றுதான். சிச்சுவானா ஹூனானா என்பதெல்லாம் பிறகு.

அந்த உணவகத்தின் வாசலில் உயர்ந்த கழுத்துள்ள பட்டுச் சட்டை அணிந்து, குனிந்து வணக்கம் சொல்ல ஒரு பெண் நின்றார். சீனப்பெண் என்று அம்மா நினைத்தார். மிசோரம் என்று அந்தப் பெண் சொன்னார். மணிப்பூர், நாகாலாந்து, மிசோரம், டார்ஜிலிங் பெண்களை இத்தகைய உணவகங்கள் வாசலில் நிறுத்துவது அவர்களுடைய முகத்துக்காக. கண் எப்படி இருக்கிறது, கன்னத்தெலும்பு எப்படி இருக்கிறது என்று பார்த்து வேலை கொடுப்பதற்கும் தர்ஸ்டனின் அட்டவணைக்கும் நடுவே நூறு வருடம் இருக்கிறது, வேறு என்ன இருக்கிறது? தர்ஸ்டன் நடுவட்டத்துப் பிள்ளைகளின் சாய்ந்த கண்ணையும் தட்டை மூக்கையும் எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டார். இவர்கள் அதையே மாதச் சம்பளத்துக்கு எடுக்கிறார்கள். உணவகத்துக்குள் அந்த முகம் அலங்காரம். தெருவில் அதே முகம் வசைக்கு உரியது. 2012 ஆகஸ்டில் வதந்திக்குப் பயந்து பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் ரயில் ரயிலாக வடகிழக்கு மக்கள் ஊருக்கு ஓடினார்களே, அதில் உணவகங்களில் வேலை பார்த்தவர்களும் இருந்தார்கள். 2020இல் நோய் பரவியபோது 'கொரோனா' என்று கூப்பிட்டதும் அவர்களைத்தான்.

உண்மையான சீன வம்சாவளிப் பெண்களுக்கு நடந்தது இன்னும் கொடியது. 1962 போரின்போது சுமார் 3,000 இந்தியச் சீனர்களைக் குழந்தை குட்டிகளோடு ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைத்தது நம் அரசு. பெரும்பாலோர் அஸ்ஸாம், வங்காளப் பக்கத்தவர்கள். சிலர் ஐந்து ஆண்டுகள் வரை அங்கே கிடந்தார்கள். அஸ்ஸாமில் மாகும் என்ற ஊரில், தேயிலைக்காக வந்த சீனர்களின் வழிவந்தவர்களும் அவர்கள் மணந்த உள்ளூர்ப் பெண்களுமாக ஒரு சீனத்தெரு இருந்தது. அதைக் காலிசெய்து பலரைச் சீனாவுக்கே நாடுகடத்தினார்கள். கணவன் ஒரு நாட்டில், மனைவி ஒரு நாட்டில். ரீட்டா சௌத்ரி இதை 2010இல் 'மாகாம்' என்ற நாவலாக அஸ்ஸாமியில் எழுதினார். தேவ்லி முகாமிலேயே பிறந்த ஜாய் மா, திலீப் டிசோசாவோடு சேர்ந்து 2020இல் 'தி தேவ்லிவாலாஸ்' நூலைக் கொண்டுவந்தார். சிறுமியாக அந்த முகாமில் இருந்த மோனிகா லியூ பின்னாளில் கல்கத்தாவின் டேங்ராவில் பல சீன உணவகங்களுக்கு உரிமையாளர் ஆனார். தொடக்கத்தில் சொன்ன மூன்று ஆண்களின் வரிசையில் நாலாவதாக இவரைச் சேர்ப்பவர்கள் குறைவு.

டேங்ரா என்றதும் இன்னொன்று. நம் விலைப்பட்டியலில் 'ஹக்கா நூடுல்ஸ்' என்று இருக்கிறதே, ஹக்கா என்பது ஒரு சீன மக்கள் பிரிவு. கல்கத்தாவுக்கு வந்த ஹக்காக்கள் டேங்ராவில் தோல் பதனிட்டார்கள். சாதி இந்துக்கள் தீட்டென்று தொடாத தொழில் என்பதால் அது அவர்களுக்குத் திறந்திருந்தது. அவர்களிடம் கூலிக்கு வேலை பார்த்தவர்களில் பிகார் தலித்துகள் நிறைய. 1996இல் உச்சநீதிமன்றம் தோல் ஆலைகளை இடம் மாற்றச் சொன்ன பிறகு பல ஆலைகள் உணவகங்களாயின. தோல் நாறிய இடத்தின் பெயர்தான் இன்று ஐந்து நட்சத்திர மேசையில் ஆவி பறக்க வருகிறது. டேங்ராவில் சீனரையும் தலித்தையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்து சேர்த்தது சாதிதான். நடுவட்டத்திலும் அதுதான். ஊரின் எல்லைக்கு வெளியே தள்ளப்பட்டவர்கள் அந்த எல்லைக்கு வெளியேதான் சந்தித்துக்கொண்டார்கள்.

அந்த 18 வயதுப் பெண்ணைப் பற்றி எனக்குத் தனியாக ஓர் அக்கறை உண்டு. அட்டவணையில் அவளுக்குக் கீழே 10 வயதில் தம்பி. நடுவே எட்டு வருட இடைவெளி. மூத்த பெண் என்றால் மூன்று தம்பிகளையும் இடுப்பில் சுமந்தவள் அவளாகத்தான் இருக்கும், எந்த நாட்டிலும் எந்த இனத்திலும் இதில் மாற்றமில்லை. அப்பாவிடம் காய்கறிப் பாத்தி கட்டவும் அம்மாவிடம் உலை வைக்கவும் கற்றிருப்பாள். நீலகிரியின் முதல் நோன்யா என்று அவளை நான் என் மாணவிகளிடம் சொல்வதுண்டு. முன்னால் வந்து நில் என்று ஒரு வெள்ளைக்காரர் சொல்ல, இரும்புக் கவையை மூக்கில் வைத்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றவள்.

பந்தலூர்க் கடைவீதியில் இப்போது மாலையானால் தள்ளுவண்டியில் பிரைடு ரைஸும் கோபி மஞ்சூரியனும் கிடைக்கும். சீனச்சட்டியைக் கரண்டியால் தட்டும் சத்தம் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும். பையன்கள் நின்றுகொண்டே சாப்பிடுவார்கள். பெண்கள் பார்சல் வாங்கிக்கொண்டு போவார்கள், நின்று சாப்பிடும் பெண்ணை இன்னும் எங்கள் ஊர் பழகவில்லை. மலையின் மேல்பக்கத்தில் பழைய கேரட், முட்டைக்கோஸோடு இப்போது புரோக்கோலியும் சீன முட்டைக்கோஸும் பயிராகின்றன. பாத்தியில் குனிந்து களை எடுப்பவர்களும் அறுத்துக் கழுவுபவர்களும் பெரும்பாலும் பெண்கள். கூடைகள் லாரியேறி மேட்டுப்பாளையம் இறங்கி, பெங்களூருக்கும் சென்னைக்கும் போகின்றன. அங்கே விலைப்பட்டியலில் அவற்றுக்கு 'எக்ஸாடிக் வெஜிடபிள்ஸ்' என்று பெயர்.